திறக்க ஒரு கைப்பிடி, மறுக்க ஒரு பூட்டு

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது அக்ரஹாரம். இன்று அது கடைகளும் வாகனங்களும் நெருக்கியடிக்கும் பகுதி. ஆனாலும் உள்தெருக்களில் ஓடு வேய்ந்த பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டி, தெருவைப் பார்த்து வரிசையாக அமைந்தவை. கும்பகோணத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ அக்ரஹாரத் தெருவில் நடந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. இப்படிப்பட்ட ஒரு வீட்டின் வாசற்கதவை ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். பள்ளியில் படித்த நெம்புகோல், சாய்தளம், உராய்வு எல்லாம் அங்கே மரமாகவும் இரும்பாகவும் பித்தளையாகவும் இருப்பது தெரியும்.

பழைய வாசற்கதவுக்குப் பெரும்பாலும் கீல் கிடையாது. இரட்டைக் கதவின் ஒவ்வொரு பலகையிலும் மேலும் கீழும் குடுமி நீட்டிக்கொண்டிருக்கும். அது நிலையின் மேற்கட்டையிலும் அடிக்கட்டையிலும் குடைந்த குழிகளில் உட்கார்ந்து சுழலும். கதவின் எடை முழுவதும் கீழ்க்குடுமி வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடும். கீலில் தொங்கும் கதவு காலப்போக்கில் திருகாணிகளை இழுத்துத் தளர்த்திச் சாய்வதுபோல, குடுமிக் கதவு சாய்வதில்லை. கழற்றி எடுக்க வெளியே ஒரு திருகாணிகூடக் கிடையாது.

உள்பக்கம் குறுக்குக்கட்டை. சுவரில் விட்ட குழியிலிருந்து இழுத்து, இரண்டு பலகைகளுக்கும் குறுக்கே கொண்டுபோய் எதிர்ச்சுவரின் குழியில் செருகிவிடுவார்கள். வெளியிலிருந்து எத்தனை பேர் மோதினாலும் அந்த விசை கட்டையின் நீளம் முழுக்கப் பரவி, இரு முனைகளிலும் கனத்த சுவருக்குப் போய்விடும். கதவு திறக்கவேண்டுமானால் ஒரு முழுக் கட்டை வளைந்து முறிய வேண்டும். இதைவிட எளிமையான, இதைவிட உறுதியான தடுப்பு வீட்டுக் கதவுகளில் அரிது.

ஆனால் குறுக்குக்கட்டைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் போடவும் எடுக்கவும் உள்ளே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கூட்டுக்குடும்ப வீட்டில் இது குறையே அல்ல; பாட்டியோ பெரியப்பாவோ யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். குரலைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, ஆள் யாரென்று தெரிந்த பிறகே கட்டை நகரும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய் வீடு பகலில் காலியாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆளில்லாத வீட்டில் ஆளை அடையாளம் காணும் வேலையை ஒரு பொருளிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொருள்தான் பூட்டு.

ஆக, கதவில் எதிரெதிரான இரண்டு கருவிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கைப்பிடி நம் கையின் பலத்தைப் பெருக்கித் தருகிறது. பூட்டோ பலத்தைப் பொருட்படுத்தாமல், நமக்கு ஒரு விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்கிறது. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தால்தான் அது நல்ல கதவு.

கைப்பிடி: விசையும் தூரமும்

உங்கள் வீட்டுக் கதவில் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலில் கைப்பிடி அருகே ஒற்றை விரலால் தள்ளுங்கள். பிறகு கீலிலிருந்து ஒரு சாண் தள்ளி அதே விரலால் தள்ளுங்கள். முதல் முறை எளிதாக நகர்ந்த கதவு, இரண்டாம் முறை முரண்டு பிடிக்கும். ஒரு பொருளைச் சுழற்றும் திறன், கொடுக்கும் விசையையும் சுழலும் அச்சிலிருந்து அது விழும் தூரத்தையும் பெருக்கக் கிடைப்பது. இதைத் திருப்புத்திறன் என்கிறோம். கீலிலிருந்து 80 சென்டிமீட்டரில் ஒரு பங்கு விசை போதுமென்றால், 20 சென்டிமீட்டரில் நான்கு பங்கு தேவை. கைப்பிடியைக் கீலுக்கு எதிர் ஓரத்தில் வைப்பதன் காரணம் இதுவே.

இதே கணக்கு கைப்பிடியின் வடிவத்துக்கும் பொருந்தும். உருண்டைக் குமிழ்ப் பிடியின் விட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். அதாவது அச்சிலிருந்து விரல் படும் இடம் வெறும் 2.5 சென்டிமீட்டர் தூரத்தில். குறுக்காக நீண்ட கைப்பிடியில் கை அழுத்தும் இடம் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒன்றேதான். ஆனாலும் நீண்ட பிடிக்கு நான்கில் ஒரு பங்கு விசை போதும்.

குமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதைத் திருப்ப, விரல்கள் வழுக்காமல் இறுகப் பற்ற வேண்டும். அங்கே வேலை செய்வது உராய்வு. எண்ணெய்க் கை, சோப்புக் கை, மூட்டுவலியால் மடங்காத விரல்கள் எதுவானாலும் உராய்வு போதாமல் குமிழ் கைக்குள்ளேயே சுற்றும். நீண்ட பிடியை முழங்கையால் அழுத்தியும் திறக்கலாம். கையில் குழந்தை இருந்தாலும் திறக்கலாம். வயதானவர்கள் புழங்கும் குளியலறையில் குமிழ்ப் பிடி இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

கைப்பிடியை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது? கதவின் விளிம்பில் சரிவாகச் சீவிய ஒரு நாக்கு துருத்திக்கொண்டிருக்கும். பின்னால் ஸ்பிரிங். கதவைச் சாத்தும்போது அந்தச் சரிவு நிலையிலுள்ள தகட்டில் உரசும். முன்னோக்கிய தள்ளல், சரிவின் வழியாகப் பக்கவாட்டு விசையாக மாறி, நாக்கை உள்ளே தள்ளிவிடும். தகட்டின் குழி வந்ததும் ஸ்பிரிங் அதை வெளியே பிதுக்கும். ‘க்ளிக்’ என்ற ஓசை அப்போது கேட்பதுதான். இது சாய்தளத்தின் வேலை. சரிவான நாக்கு கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிறுத்தும், திருடனை நிறுத்தாது. சரிவில் தானாக உள்ளே போகிற நாக்கை வெளியிலிருந்தும் நெட்டித் தள்ளிவிட முடியும். வாசற்கதவுக்கு வேண்டியது சரிவு இல்லாத, சாவி திரும்பினாலொழிய நகராத சதுர நாக்கு. கடையில் வாங்கும்போது இரண்டு நாக்குகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் உள்ளே போவது கைப்பிடிக்கு உரியது. அசையாமல் நிற்பது பூட்டுக்கு உரியது.

பழைய கதவுகளின் பித்தளை வளையத்தில் அழகு மட்டுமல்ல, வேதியியலும் உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பு அயனிகள் பாக்டீரியாவின் உறையைச் சேதப்படுத்தி அதைக் கொல்கின்றன. செம்புக் கலவைப் பரப்புகளுக்கு இந்தக் கிருமிநாசினித் தன்மை இருப்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தது. துருப்பிடிக்காத எஃகுக்கு இந்தக் குணம் கிடையாது. மேலே அரக்குப் பூச்சு போட்ட பித்தளையிலும் பயன் இல்லை. செம்பு வெறுமையாகக் கையில் பட வேண்டும்.

பூட்டு: அது கேட்கும் கேள்வி

இன்று நம் கதவுகளில் இருக்கும் பூட்டுகள் பெரும்பாலும் இரண்டு வம்சத்தைச் சேர்ந்தவை.

முதலாவது ஊசிப் பூட்டு. இதன் வேர் மிகப் பழையது. இன்றைய ஈராக்கில் உள்ள கோர்சாபாத்தில், அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் அரண்மனைச் சிதைவுகளில் மரத்தாலான ஊசிப் பூட்டு கிடைத்திருக்கிறது. காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு. தாழ்ப்பாளில் துளைகள், மேலிருந்து அவற்றுக்குள் விழுந்து தாழ்ப்பாளை மறிக்கும் மர ஊசிகள், அந்த ஊசிகளைத் தூக்கிவிடும் குச்சிகள் வைத்த மரச் சாவி. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861-லும் 1865-லும் பெற்ற காப்புரிமைகள் இதே கருத்தைச் சின்னஞ்சிறு உலோக உருளைக்குள் அடக்கின. அதில் ஒவ்வொரு ஊசியும் மேல்துண்டு, கீழ்த்துண்டு என இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். சரியான சாவி நுழைந்தால் ஐந்து ஊசிகளின் வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுழலும். ஓர் ஊசி மட்டும் மேலேயோ கீழேயோ போனாலும் உருளை அசையாது.

இரண்டாவது லீவர் பூட்டு. தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் நினைவுக்கு வரும் திண்டுக்கல் பூட்டு இந்த வகைதான். உள்ளே பித்தளைத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். நாக்கில் இருக்கும் முளை அந்தக் காடிகள் எல்லாவற்றையும் ஒருசேரக் கடந்தால்தான் நாக்கு பின்வாங்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லீவரையும் அதற்கென்று விதித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் தடை, கூடுதலாகத் தூக்கினாலும் தடை. இந்த இரட்டைத் தடைதான் இதன் உயிர். 1778-ல் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய பூட்டுகளில் தடையைப் போதுமான அளவு தூக்கிவிட்டாலே போதும், எவ்வளவு உயரம் என்ற கேள்வி இல்லை.

திண்டுக்கல்லில் லீவர்களையும் சாவியையும் அரம் கொண்டு கையாலேயே ராவிப் பொருத்துவார்கள். பூட்டுக்குச் சாவி, சாவிக்குப் பூட்டு என்று இரண்டும் ஒருவர் கையில் ஒன்றாக உருவாகும். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, சாவி திரும்பும்போது மணி அடிக்கும் பூட்டு, கோயில் கதவுகளுக்கான கனத்த பூட்டு என்று வகைகள் பல. மலிவான எந்திரப் பூட்டில் ஒரே அச்சிலான சாவிகள் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் பூட்டைத் திறந்துவிடலாம். கையால் ராவிய பூட்டில் அந்தத் தற்செயல் அரிது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகாரிலிருந்து விலை குறைவாக வந்து குவியும் பூட்டுகளோடு மோத முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் வந்த மரியாதை அது. ஒரு நல்ல லீவர் பூட்டின் விலையில் பெரும்பகுதி, அதை ராவியவரின் நேரத்துக்கான கூலி. அதைப் புரிந்துகொண்டு வாங்கினால்தான் அந்தக் கைவேலை பிழைக்கும்.

எண்ணிக்கை பெரிது, துல்லியம் அதைவிடப் பெரிது

ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சாவிகள் ஆறை ஐந்து முறை பெருக்கக் கிடைக்கும் 7,776. இன்னும் ஓர் ஊசி சேர்த்தால் 46,656. இதனால்தான் விற்பவர்கள் ஊசிகளின், லீவர்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே காப்பாற்றாது என்பதை 1851-ல் லண்டன் பார்த்தது. ஜோசப் பிரமா 1784-ல் காப்புரிமை பெற்ற பூட்டு ஒன்று அவருடைய நிறுவனத்தின் கடைச் சன்னலில் பல பத்தாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு. அதில் 18 நகரும் தகடுகள். சாத்தியமான சேர்க்கைகள் 47 கோடி என்றார்கள். அந்த ஆண்டு நடந்த மாபெரும் கண்காட்சிக்காக லண்டன் வந்த அமெரிக்கப் பூட்டு நிபுணர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்துவிட்டார். 16 நாட்களில் 51 மணி நேரம் ஆனது. பெயர்பெற்ற சப் நிறுவனத்தின் லீவர் பூட்டு ஒன்றை அவர் 25 நிமிடத்தில் திறந்தார்.

47 கோடியையும் அவர் ஒவ்வொன்றாக முயலவில்லை. எந்தப் பட்டறையும் துளைகளை நூற்றுக்கு நூறு நேர்கோட்டில் இட முடியாது. மயிரிழை விலகல் எப்போதும் இருக்கும். பூட்டைத் திருப்ப முயலும்போது எல்லாத் தடைகளும் ஒரே கணத்தில் இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகி, கைக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சரிசெய்தால் அடுத்தது. ஆக, ஒரே நேரத்தில் விடை காண வேண்டிய பெரிய புதிர், தனித்தனியாக அவிழ்க்கக்கூடிய 18 சிறு புதிர்களாக உடைந்துவிடுகிறது. பெருக்கலாக இருந்தது கூட்டலாகிவிடுகிறது. பூட்டின் பாதுகாப்பு அதைச் செய்தவரின் துல்லியத்தில் இருக்கிறது என்பதன் அறிவியல் காரணம் இது. பத்து லீவர் போட்ட தளர்வான பூட்டைவிட, ஆறு லீவரை இழைபிசகாமல் ராவிய பூட்டு மேல்.

சாவியின் பற்களில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயர வேறுபாடு அரை மில்லிமீட்டர் அளவே. நகல் சாவி வெட்டும்போது ஒரு சிறு பிழை சேரும். அந்த நகலுக்கு நகல் எடுத்தால் பிழை கூடும். எனவே எப்போதும் அசல் சாவியைக் கொடுத்தே நகல் எடுங்கள். அசலைப் பத்திரமாக வையுங்கள்.

சாவி என்பது உலோகத்தில் எழுதிய ஐந்தாறு எண்கள்தான் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. அந்த எண்களைத் தெரிந்துகொள்ள சாவியைத் தொடக்கூட வேண்டாம். 2008-ல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாவிக் கொத்தின் புகைப்படத்தைக் கொண்டே சாவியின் அளவுகளைக் கணித்துக் காட்டினார்கள். ஒரு சோதனையில் கேமரா 195 அடி தூரத்தில் இருந்தது. புதுமனை புகுவிழா மகிழ்ச்சியில் சாவியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துப் பகிர்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பூட்டு நிற்கும், கதவு விழும்

பூட்டை நுணுக்கமாகத் திறக்கும் திறமைசாலிகள் சிலரே. மற்றவர்கள் உதைப்பார்கள், கம்பியால் நெம்புவார்கள். அப்போது விசை போய்ச் சேரும் இடம் பூட்டல்ல. நாக்கு நுழையும் நிலை. நாக்கின் குழியைச் சுற்றியுள்ள மரம் ஒரு விரற்கடை அகலம்கூட இருக்காது. அங்கே இருக்கும் தகட்டைச் சிறு திருகாணிகள் இரண்டால் பிடித்திருப்பார்கள். எவ்வளவு விலையுயர்ந்த பூட்டும் அந்தத் திருகாணிகளின் பிடிப்பு அளவுக்கே உறுதி. தகட்டை நீளமானதாக மாற்றி, மூன்று அங்குலத் திருகாணிகளால் நிலைக்கட்டையின் ஆழம்வரை முடுக்கினால், உதையின் விசை மரத்தின் பெரிய பகுதிக்குப் பரவும். குறுக்குக்கட்டை செய்த அதே வேலையைச் சிறிய அளவில் இது செய்கிறது. சொற்பச் செலவில் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு இது.

நம் ஊர்க் கதவுகளின் ஆல்டிராப்புக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கனத்த கம்பி, அதைத் தாங்கும் வளையங்கள், தொங்கு பூட்டு மாட்ட ஒரு கொண்டி. கம்பி தடிமனாகத்தான் இருக்கும். ஆனால் வெளிப்பக்கம் போட்ட ஆல்டிராப்பின் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தால், பூட்டைத் தொடாமலேயே முழுவதையும் கழற்றி எடுத்துவிடலாம். திருகாணிக்குப் பதில் கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கச் சொல்லுங்கள். போல்ட்டின் தலை உருண்டையாக, திருப்புளி பிடிக்காததாக இருக்க வேண்டும். பழகிய ஆசாரி கேட்காமலேயே இப்படிச் செய்வார்.

பராமரிப்பில் பலரும் செய்வது, இறுகிய பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது. அன்றைக்குப் பூட்டு சுகமாகத் திரும்பும். நாளடைவில் எண்ணெய் பிசுக்காகி, தூசியைப் பிடித்து, ஊசிகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒட்டவைத்துவிடும். பென்சில் கரியின் தூள் இதற்குச் சரியான மருந்து. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தகடு தகடாக அடுக்கியிருக்கும். ஒரு தகடு மற்றொன்றின் மேல் எளிதாக வழுக்கும். ஈரப்பசையே இல்லாததால் தூசி ஒட்டாது. மென்மையான பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, பூட்டில் நாலைந்து முறை போட்டு எடுத்தால் போதும்.

விரல்ரேகையாலோ எண்களாலோ திறக்கும் மின்னணுப் பூட்டும் அடிப்படையில் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. பதில் உலோகத்தில் இல்லாமல் மின்னணுவில் இருக்கிறது, அவ்வளவே. உள்ளே நகர்வது அதே நாக்கு. அது நுழைவது அதே நிலை. பேட்டரி தீர்ந்தால் திறக்க மாற்று வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளே இருப்பவரின் உரிமை

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே இருப்பவரைத் தடுப்பது பற்றி. கதவின் இன்னொரு பக்கம் இதைவிட முக்கியமானது.

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா அரங்கில் குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சி. மேடையில் பரிசு தருகிறார்கள் என்று மாடியிலிருந்து குழந்தைகள் படியிறங்கி ஓடிவந்தார்கள். கீழே இருந்த கதவு, ஓர் ஆள் மட்டும் நுழையும் இடைவெளியில் தாழிடப்பட்டிருந்தது. முன்னால் வந்தவர்கள் அங்கே சிக்க, பின்னால் வந்தவர்கள் அது தெரியாமல் நெருக்க, 183 குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். இதன் பிறகுதான், உடலால் மோதினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாளை ராபர்ட் பிரிக்ஸ் உருவாக்கி 1892-ல் காப்புரிமை பெற்றார். இன்று திரையரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் கதவின் குறுக்கே காணும் நீண்ட தள்ளுகம்பி அதன் வழிவந்தது. அங்கே சாவியும் தேவையில்லை, கைப்பிடியைத் தேடவும் வேண்டாம்.

அந்தப் பாடத்தை நாம் முழுதாகப் படிக்கவில்லை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது, பால்கனியில் இருந்தவர்களுக்கு வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநல விடுதி ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயிலிருந்து தப்ப வழியின்றி மாண்டார்கள். திருடனுக்காகவோ ஒழுங்குக்காகவோ போட்ட தாழும் சங்கிலியும் பூட்டும் மனித உயிரைக் குடித்த கணக்கு இது.

இந்த ஆபத்து நம் வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. வராந்தாவுக்கு மடக்கு கேட். இரவில் அதற்கு உள்பக்கம் தொங்கு பூட்டு. சாவி எங்கோ ஓர் ஆணியில், அல்லது வீட்டுத் தலைவரின் தலையணைக்கடியில். நள்ளிரவில் சமையல் எரிவாயு கசிந்தாலோ, மின்கசிவில் தீப்பிடித்தாலோ, புகையில் கண் தெரியாமல் அந்தச் சாவியைத் தேடி, சாவித்துவாரத்தைத் தடவி, பதற்றத்தில் நடுங்கும் கையால் திறக்க வேண்டும். வெளியாளிடம் கேட்க வேண்டிய கேள்வியை அப்போது அந்தப் பூட்டு வீட்டு ஆளிடமே கேட்டு நிற்கிறது.

தீர்வு எளிது. வாசற்கதவுக்குப் பூட்டு வாங்கும்போது, வெளியே சாவி, உள்ளே விரலால் திருப்பும் பிடி என்ற அமைப்பையே கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக் கதவுபோல, கைவிட்டு உள்பிடியைத் திருப்ப வழியிருக்கும் இடம் மட்டுமே விதிவிலக்கு. மடக்கு கேட்டுக்குத் தொங்கு பூட்டுத்தான் என்றால் அதன் சாவிக்கு ஒரே இடத்தை நிச்சயித்து, வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளிருந்து குழந்தைக்கும் எட்டுகிற இடமாக அது இருக்கட்டும். குளியலறைத் தாழ்ப்பாள், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தைச் செருகித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலேயே வயதானவரையும் சிறியவரையும் வாசற்கதவைத் திறந்து வெளியே வரச் சொல்லுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால், நாளைக் காலையில் முதல் வேலையாகப் பூட்டை மாற்றுங்கள்.